மீன் குழம்புக்கும் மிளகுக் கோழிக்கும் எந்த ஒயின்?

பிரான்ஸில், ஜெர்மன் எல்லையில் இருக்கிற ஸ்ட்ராஸ்பூருக்குக் குடிவந்து ஏழு மாதமான ஒரு தங்கை கேட்ட கேள்வி இது: "அக்கா, வர்ற சனிக்கிழமை என் வீட்டுக்காரரோட ஆபீஸ்ல இருந்து நாலு பேர் சாப்பிட வர்றாங்க. வடை, மீன் குழம்பு, மிளகுக் கோழி, தேங்காய்ப்பால் குருமா பண்ணப் போறேன். அவங்க ஒயின் இல்லாம சாப்பிட மாட்டாங்க. எங்களுக்கு அதைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. கடைக்குப் போனா அலமாரி அலமாரியா நிக்குது. எதை வாங்கறது, ருசி பார்த்து எப்படிக் கண்டுபிடிக்கறது?"

முதலில், ஒன்றுமே தெரியாது என்று சொல்லாதீர்கள். கொதிக்கிற குழம்பைக் கரண்டி நுனியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, புளி கொஞ்சம் தூக்கல், உப்பு இன்னும் அரைச் சிட்டிகை வேண்டும் என்று சொல்லத் தெரிந்த ஆளுக்கு ஒயின் ருசி பார்க்கப் பாதிக்கு மேல் தெரியும். மீதி இருப்பது இரண்டே விஷயம். பாட்டிலில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிய வேண்டும், எதற்கு எது சேராது என்று ஒரு கணக்கு மனதில் இருக்க வேண்டும். பலரும் மீனுக்கு வெள்ளை, கறிக்குச் சிவப்பு என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். நம் சமையலுக்கு அது பெரிதாக உதவாது. குழம்பில் மீன் கிடக்கிறதா கோழி கிடக்கிறதா என்பதை விட அந்தக் குழம்பு எவ்வளவு புளிப்பு, எவ்வளவு காரம், எவ்வளவு கொழுப்பு என்பதுதான் ஒயினை முடிவு செய்கிறது. இந்தப் பதில் முழுக்க அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் இங்கே வந்து பதினாலு வருடம் ஆகிறது. வந்த முதல் குளிர்காலத்தில் அயிலை மீன் கிடைத்தது, மண்சட்டி இல்லாவிட்டாலும் நன்றாகப் புளி ஊற்றி ஒரு குழம்பு வைத்தேன். கடைக்காரர் ஒருவர், காரமான சாப்பாடு என்றால் இதுதான் தாங்கும் என்று தெற்குப் பக்கத்துச் சிவப்பு ஒயின் ஒன்றைக் கையில் கொடுத்தார், ஆல்கஹால் 14.5 சதவீதம். ஒரு வாய் குழம்புச் சோறு, ஒரு மடக்கு ஒயின். இரும்பு ஆணியை வாயில் போட்டுச் சப்பினது மாதிரி ஒரு ருசி, அதற்கு மேல் மீன் நாற்றம், அதற்கும் மேல் மிளகாய் இரண்டு மடங்காகி நாக்கு எரிந்தது. குழம்பும் நல்ல குழம்பு, ஒயினும் நல்ல ஒயின்தான், மறுநாள் மாட்டிறைச்சியோடு குடித்தபோது அருமையாக இருந்தது. அப்படியென்றால் தப்பு எங்கே என்று அன்றைக்குப் பிடித்த யோசனைதான் என்னை இந்தப் பக்கம் இழுத்துவந்தது.

அதற்கான காரணங்கள் இப்போது நன்றாகத் தெரிந்தவை. ஒயினில் கொஞ்சம் இரும்புச் சத்து உண்டு, சிலவற்றில் கூடுதலாக இருக்கும். அது மீனில் உள்ள கொழுப்போடு சேரும்போதுதான் அந்தக் கெட்ட மீன் வாடை கிளம்புகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினார்கள். எண்ணெய்ச் சத்துள்ள அயிலை, மத்தி என்றால் இது இன்னும் மோசம். அடுத்தது காரம். காரம் என்பது உண்மையில் நாக்கின் சுவை இல்லை, எரிச்சல். மிளகாயில் இருக்கும் காப்சைசின் போய்த் தட்டுவது சூட்டை உணர்கிற நரம்பு முனைகளை. சாதாரணமாக 42 டிகிரி வாக்கில் சூடு பட்டால்தான் அவை விழித்துக்கொள்ளும். ஆல்கஹால் தொடுவதும் அதே முனைகளைத்தான், அது பட்டால் வாயின் சாதாரணச் சூட்டிலேயே அவை விழித்துவிடும். ஆக, மிளகாயும் 14.5 சதவீத ஆல்கஹாலும் ஒன்றாக வாய்க்குள் போனால் எரிகிற அடுப்பில் இன்னொரு விறகு வைத்த மாதிரி. மூன்றாவது துவர்ப்பு, அதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே பேச வேண்டும்.

சிவப்பு ஒயினைக் குடித்தால் ஈறும் கன்னத்தின் உட்பக்கமும் வறண்டு இழுத்துப் பிடிக்கும். டானின் என்கிற பொருள் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துத் திரட்டிவிடுவதால் வாய் வழுவழுப்பை இழக்கிறது. ருசி பார்க்கும் வகுப்புகளில் முதல்முறை வருகிற பலர் இதைக் கசப்பு என்றோ புளிப்பு என்றோ சொல்லிக் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். நமக்கு அந்தக் குழப்பம் வரவே வேண்டாம். அறுசுவையில் துவர்ப்பு என்று தனியாகவே ஒரு சுவையை வைத்திருக்கிறோம். வாழைப்பூவின் துவர்ப்பு, மாதுளைத் தோலின் துவர்ப்பு, கொட்டைப்பாக்கை மென்றால் வருகிற துவர்ப்பு எல்லாம் எப்படி வேறு வேறு என்று நம் வாய்க்குத் தெரியும். போர்தோ என்கிற ஊர்ச் சிவப்பு ஒயினைக் குடித்துவிட்டு இது பாக்குத் துவர்ப்பு, பினோ நுவார் என்கிற திராட்சையின் சிவப்பு ஒயினைக் குடித்துவிட்டு இது இளம் வாழைப்பூத் துவர்ப்பு என்று நீங்கள் குறித்துவைத்தால் அதை விடத் தெளிவான குறிப்பு வேறு கிடையாது. இந்தத் துவர்ப்பு இறைச்சியின் கொழுப்புக்கும் புரதத்துக்கும் நல்ல துணை. மிளகாய்க் காரத்துக்கும் நிறையப் புளிக்கும் ஆகாது, இரண்டையும் முரடாக்கிவிடும்.

சரி, புளிக்கு வருவோம். இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. எலுமிச்சையில் இருப்பது சிட்ரிக் அமிலம், ஆப்பிளில் மாலிக் அமிலம், திராட்சையில் முக்கியமானது டார்டாரிக் அமிலம். பழங்களில் இந்த டார்டாரிக் அதிகமாக இருப்பது அபூர்வம், அப்படி இருக்கிற இன்னொன்று நம் புளியம்பழம். குழம்புக்குக் கரைக்கிற புளியும் பாட்டிலில் இருக்கிற ஒயினும் ஒரே அமிலத்தில் நிற்கின்றன. (வெள்ளை ஒயின் பாட்டிலின் அடியில் சில சமயம் கற்கண்டுத் தூள் மாதிரி படிந்திருக்கும், கண்ணாடித் துண்டோ என்று பயந்து கொட்டிவிடாதீர்கள், குளிரில் படிந்த இந்த அமிலத்தின் உப்புதான் அது.)

இதிலிருந்து வருகிற ஒரு விதி மட்டும் மனதில் இருந்தால் போதும்: ஒயினின் புளிப்பு சாப்பாட்டின் புளிப்புக்குக் குறைந்து இருக்கக் கூடாது. நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் தண்ணீர் இனிக்கிறதே, லட்டைத் தின்றுவிட்டுக் காபி குடித்தால் சர்க்கரையே போடாத மாதிரி இருக்கிறதே, நடப்பது அதேதான். புளிக்குழம்பு சாப்பிட்ட வாய்க்கு, புளிப்பு குறைந்த ஒயின் சப்பென்று தண்ணீராகத் தெரியும். இனிப்பு சாப்பிட்ட வாய்க்கு இனிப்பில்லாத ஒயின் காடியாகத் தெரியும். உப்பு மட்டும் நல்ல நண்பன், ஒயினின் கசப்பையும் துவர்ப்பையும் அடக்கி அதை மெத்தென்று ஆக்கும்.

இதை நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம். வியாழனோ வெள்ளியோ இரவு, வீட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்து அரை மணி நேரம் செய்து பாருங்கள். ஒரு சாதாரண வெள்ளை, ஒரு சாதாரணச் சிவப்பு, இரண்டையும் சின்னக் கிளாஸில் இரண்டு விரல் உயரம் ஊற்றுங்கள். பக்கத்தில் ஒரு தட்டில் எலுமிச்சைத் துண்டு, உப்பு, சர்க்கரை, கொஞ்சம் மிளகாய்த் தூள். ஒயினை ஒரு வாய் குடியுங்கள், சர்க்கரையை நக்குங்கள், மறுபடி ஒயின். அப்புறம் தண்ணீர் குடித்துவிட்டு எலுமிச்சையும் உப்பும், மறுபடி ஒயின். கடைசியாக மிளகாய்த் தூள். ஒரே கிளாஸில் இருக்கிற ஒரே ஒயின் மூன்று விதமாக மாறுவதை உங்கள் நாக்கே சொல்லும். இந்த ஒரு பயிற்சிக்குப் பிறகு சமையலறையில் குழம்பை நக்கிப் பார்க்கும்போதே இதற்கு எது வேண்டும் என்று தோன்ற ஆரம்பிக்கும்.

ருசி பார்ப்பதில் சடங்கு எதுவும் வேண்டாம், ஆனால் மூக்கை விட்டுவிடாதீர்கள். வாயால் ருசிக்கிறோம் என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுகிற வாசனை, சளி பிடித்த நாளில் ரசம்கூட வெந்நீராகத் தெரிவது அதனால்தான். கிளாஸை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல், முதலில் ஆட்டாமல் ஒரு முறை முகருங்கள், பிறகு ஒரு சுழற்று சுழற்றி இன்னொரு முறை. அடுத்து ஒரு வாய், உடனே விழுங்காமல் நாக்கு முழுக்கப் படவிட்டுக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுங்கள். விழுங்கிய பிறகு ருசி எத்தனை நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். நல்ல ஒயினுக்கும் சுமாரான ஒயினுக்கும் வித்தியாசம் எனக்குப் பெரும்பாலும் இந்தக் கடைசி இடத்தில்தான் தெரிகிறது. முக்கியமாக, ஒயினைத் தனியாகக் குடித்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். ஒரு வாய் ஒயின், ஒரு வாய் சோறு, மறுபடி ஒயின். அந்த மூன்றாவது வாய்தான் தீர்ப்பு.

முடிந்தால் பாட்டிலைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றிவிட்டுச் செய்யுங்கள். போர்தோவில் 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒயின் படிக்கிற மாணவர்கள் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்கிற வார்த்தைகளையே அவர்கள் அதற்கும் எழுதினார்கள். கண் முந்திக்கொண்டு மூக்குக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. விலைச்சீட்டும் அப்படித்தான்.

வார்த்தைகளுக்கு ஏன் தவிக்க வேண்டும்? நெல்லிக்கனி மாதிரியான புளிப்பு, நறுக்கின குடைமிளகாய், தேன், நனைந்த கல் என்று உங்களுக்கு எது நினைவுக்கு வருகிறதோ அதுதான் சரியான வார்த்தை. ரீஸ்லிங் என்கிற வெள்ளைத் திராட்சையின் ஒயின் வயதானால் அதில் லேசாக மண்ணெண்ணெய் வாசனை வரும், அது கெட்டுப்போனது இல்லை, அந்தத் திராட்சையின் குணம், இங்கே உள்ளவர்கள் அதை விரும்பித் தேடுகிறார்கள். நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் மட்டும் கார்க் கெட்டிருக்கிறது என்று அர்த்தம், கடையில் திருப்பிக் கொடுக்கலாம்.

எனக்கே இந்த ஊர் ஒயின் நெருக்கமானது ஒரு வாசனையால்தான். நான் கம்பத்துக்காரி. எங்கள் பக்கம் பன்னீர் திராட்சைப் பந்தலுக்கு அடியில் விளையாடி வளர்ந்தவர்கள் எல்லாரும். அந்தப் பன்னீர் திராட்சையின் ஊர் தாண்டிய பெயர் மஸ்கட் ஹாம்பர்க், 2023-இல் புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. இங்கே அல்சாஸில், அதாவது ஸ்ட்ராஸ்பூரைச் சுற்றியுள்ள இந்தப் பகுதியில், மஸ்கட் என்றொரு வெள்ளை ஒயின் உண்டு, அதே மஸ்கட் குடும்பத்துத் திராட்சைகள். முதல் தடவை அதை முகர்ந்தபோது எனக்கு வீட்டு வாசல் நினைவு வந்துவிட்டது. நிலத்துக்கும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துக்கொள்வதால் கம்பம் பள்ளத்தாக்கு மழை மறைவில் கிடக்கிறது. இங்கே அட்லாண்டிக் பக்கமிருந்து வருகிற மழையை வோஜ் மலை மறித்துக்கொள்வதால் கோல்மார் பிரான்ஸிலேயே மழை குறைந்த ஊர்களில் ஒன்று. மலைக்குக் கிழக்கே, சரிவில், வெயிலில் திராட்சை. மார்லென்ஹைம் என்ற ஊரிலிருந்து தான் (Thann) என்ற ஊர் வரை 170 கிலோமீட்டருக்கு ஒயின் சாலை ஒன்று 1953-லிருந்து இருக்கிறது, வெயில் காலத்தில் ஒரு நாள் போய்வாருங்கள், வழியில் எத்தனையோ தோட்டங்களில் உட்காரவைத்து ருசி பார்க்கக் கொடுப்பார்கள்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அல்சாஸ் ஒயின் சுலபம், ஏனென்றால் பாட்டிலில் திராட்சையின் பெயரே இருக்கும். பிரான்ஸின் மற்ற இடங்களில் பெரும்பாலும் ஊர் பெயர்தான் இருக்கும், எந்தத் திராட்சை என்பதை நாமே மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். இன்னொரு பெரிய உதவி, 2021 அறுவடையிலிருந்து அல்சாஸ் ஒயின்களில் இனிப்பு எவ்வளவு என்று கட்டாயம் எழுத வேண்டும். செக் என்றால் இனிப்பு கிட்டத்தட்ட இல்லை, தெமி செக் என்றால் லேசான இனிப்பு, முவல்லு என்றால் நல்ல இனிப்பு, தூ என்றால் பாகு மாதிரி. நம் சாப்பாட்டுக்கு இந்த ஒரு வார்த்தை திராட்சையின் பெயருக்குச் சமமான முக்கியத்துவம் உள்ளது, ஏனென்றால் காரத்தைத் தணிப்பது இனிப்பு.

இப்போது உங்கள் மீன் குழம்பு. புளிப்பு நிறைய, காரம் நிறைய, மீன் எண்ணெய் கொஞ்சம். அப்படியென்றால் ஒயினில் புளிப்பு நிறைய வேண்டும், லேசான இனிப்பு வேண்டும், ஆல்கஹால் குறைவாக வேண்டும், துவர்ப்பு வேண்டாம். இந்த நாலும் ஒன்றாகச் சேர்ந்து கிடைப்பது ரீஸ்லிங்கில்தான். அதிலும் என் முதல் தேர்வு இந்தக் கரையில் இல்லை, ரைன் ஆற்றைத் தாண்டி இருக்கிறது. ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் செய்கிற கபினெட் வகை ரீஸ்லிங் பல சமயம் 8, 9 சதவீத ஆல்கஹால்தான் இருக்கும், நாக்கைச் சுண்டுகிற புளிப்பு, அதைச் சமன்செய்கிற இனிப்பு. 2017-லிருந்து டிராம் ஆற்றைத் தாண்டி ஜெர்மன் கரையிலுள்ள கேல் ஊர் வரை போகிறதே, ஒரு நடை போய்வாருங்கள், அங்கே சாதாரணக் கடைகளிலேயே கிடைக்கும். பாட்டிலில் ட்ரோக்கன் என்று போட்டிருந்தால் அது இனிப்பில்லாத வகை, உங்களுக்கு வேண்டியது அது இல்லை. போக முடியாவிட்டால் அல்சாஸ் ரீஸ்லிங்கில் தெமி செக் என்று எழுதியதாகப் பாருங்கள்.

இங்கே ஒரு விஷயத்தில் நான் பலரோடு ஒத்துப்போவதில்லை. இந்தியச் சாப்பாடு என்றாலே கெவுர்ட்ஸ்ட்ராமினர் என்கிற அல்சாஸ் வெள்ளை ஒயின்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுகிறார்கள். கெவுர்ட்ஸ் என்றால் ஜெர்மன் மொழியில் மசாலா என்று பொருள், பெயர் அப்படி அமைந்ததே ஒரு காரணமாகிவிட்டது போலிருக்கிறது. ஒயினைக் குறை சொல்லவில்லை, ரோஜாவும் லிச்சிப் பழமும் கலந்து மணக்கும், லிச்சியில் இருக்கிற அதே வாசனைப் பொருள் இதிலும் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் புளிப்பு குறைவு, ஆல்கஹால் 13.5, 14 என்று போகும். புளிக்குழம்போடு வைத்தால் அத்தர் தெளித்த தண்ணீர் மாதிரி ஆகிவிடுகிறது, மிளகாயும் ஏறுகிறது. அதன் இடம் வேறு: தேங்காய்ப்பால், ஏலக்காய், பட்டை, இஞ்சி, முந்திரி அரைத்த குருமா. புளிப்பு இல்லாத, காரம் மட்டான, வாசனை கனத்த சமையல். உங்கள் தேங்காய்ப்பால் குருமாவுக்கு அது நன்றாக நிற்கும், அதில் தக்காளியை மட்டும் குறைத்துவிடுங்கள். இந்த ஊர்க்காரர்களே அதைக் கடுமையாக மணக்கிற மன்ஸ்டர் சீஸோடு, சீரகத்துக்கு உறவான ஒரு விதையைத் தூவித்தான் சாப்பிடுகிறார்கள், வாசனைக்கு வாசனை.

மிளகுக் கோழிக்குச் சிவப்பு. பயப்படாதீர்கள், எல்லாச் சிவப்பும் அந்த 14.5 மாதிரி இல்லை. சிரா என்கிற திராட்சையில் கருமிளகு வாசனை வரும் என்று பல காலமாகச் சொல்லிவந்தார்கள். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் அதற்கான பொருளைக் கண்டுபிடித்தார்கள், ரோட்டன்டோன் என்று பெயர். மிளகில் மணக்கிறதும் அதேதான், ஒப்புமைக்காகச் சொல்கிற மிளகு இல்லை. ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனையே தெரியாது என்பதும் அப்போது தெரியவந்தது, அதனால் உங்கள் வீட்டுக்காரர் எனக்கு மிளகு வரவில்லையே என்றால் வாதாடாதீர்கள். குளிர்ந்த இடத்துச் சிராவில் இது தூக்கலாக இருக்கும், எனவே ரோன் ஆற்றின் வடபகுதி: க்ரோஸ் எர்மிதாஜ் அல்லது சாங் ஜோசஃப் என்று பாட்டிலில் ஊர் பெயர் தேடுங்கள், 13 சதவீதத்துக்கு மேல் போகாமல் பாருங்கள். முக்கியமாக, கோழியில் மிளகாயைத் தவிர்த்து மிளகை மட்டும் இடித்துப் போட்டு, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம் வதக்கிச் செய்யுங்கள். மிளகின் உறைப்பும் அதே நரம்பைத்தான் தட்டுகிறது, ஆனால் மிளகாய் அளவுக்கு உக்கிரம் இல்லை.

வடைக்குக் க்ரெமான். ஷாம்பெயின் செய்கிற அதே முறையில், பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவைத்து அல்சாஸில் செய்கிற நுரை ஒயின், விலை அதில் பாதிகூட வராது. எண்ணெயில் பொரித்த எதற்கும், வடை, பஜ்ஜி, வாழைக்காய் வறுவல், முறுக்கு, இதை விடப் பொருத்தம் நான் பார்த்ததில்லை. புளிப்பும் நுரையும் வாயிலுள்ள எண்ணெயை வழித்துவிட்டு அடுத்த வடைக்குத் தயாராக்கும்.

வெந்தயத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க மனம் வரவில்லை. இங்கிருந்து தெற்கே ஜூரா மலைப்பகுதியில் வேன் ஜோன், அதாவது மஞ்சள் ஒயின், என்று ஒன்று செய்கிறார்கள். சவாஞான் என்ற திராட்சை. மரப்பீப்பாயில் ஊற்றி, ஒயின் குறைந்துகொண்டே வந்தாலும் மேலே நிரப்பாமல் விட்டுவிடுவார்கள், மேற்பரப்பில் ஈஸ்ட் ஓர் ஏடு மாதிரி படரும், பால் ஏடு போலவே. அறுவடையிலிருந்து ஆறு வருடத்துக்கு மேல் காத்திருந்துதான் பாட்டிலில் அடைப்பார்கள், அந்தப் பாட்டிலும் 62 சென்டிலிட்டர்தான். அதை ஒரு முறை முகர்ந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை "வெந்தயம்". மேசையில் இருந்தவர்கள் அக்ரூட் என்றார்கள், கறித்தூள் என்றார்கள். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், சோட்டோலோன் என்ற ஒரே பொருள்தான் வெந்தயத்துக்கும் இந்த ஒயினுக்கும் அந்த வாசனையைக் கொடுக்கிறது. இதில் இன்னொரு ஆச்சரியம், சவாஞானும் கெவுர்ட்ஸ்ட்ராமினரும் அடிப்படையில் ஒரே திராட்சை, ஒன்றின் நிறமும் மணமும் மாறிப் பிறந்ததுதான் மற்றொன்று. ஒன்று ரோஜாவாக மணக்கிறது, ஒன்று வெந்தயமாக. சுண்டக்காய் வத்தக்குழம்பு வைத்து, வெந்தயம் சிவக்கத் தாளித்து, அதோடு இதை ஒரு சின்னக் கிளாஸ் குடித்துப் பார்த்தேன், அந்தக் குழம்புக்கு ஒயினே கிடையாது என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்ததை மாற்றிக்கொண்டேன். விலை அதிகம், சனிக்கிழமைக்கு வேண்டாம். உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு நல்ல நாள் வரும்போது வாங்குங்கள். திறந்த பாட்டில் வாரக்கணக்கில் கெடாது.

சேராதவற்றையும் சொல்லிவிடுகிறேன். ரசத்துக்கு எதுவும் வேண்டாம், ரசமே குடிக்கிற பொருள், சூடான புளிப்பு இன்னொரு பானத்தை ஏற்காது. தயிர் சாதம் ஊறுகாய்க்கும் அப்படியே. கருவாட்டுக் குழம்புக்கு நான் எத்தனையோ முயன்றுவிட்டேன், தண்ணீர்தான் நல்லது.

பரிமாறுகிற முறையைப் பற்றி ஒன்று. நம் இலையில் எல்லாம் ஒரே நேரத்தில் இருக்கும், ஒரு வாய் குழம்பு, ஒரு வாய் பொரியல், அப்பளம், என்று கை போய்க்கொண்டே இருக்கும். இந்த ஊரில் ஒன்று முடிந்துதான் அடுத்தது வரும், ஒவ்வொன்றுக்கு ஒரு ஒயின் என்ற பழக்கமே அப்படிச் சாப்பிடுவதால் வந்தது. எங்கள் பழைய வீட்டுக்காரம்மா, இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த பாட்டி, மாடு, ஆடு, பன்றி மூன்று இறைச்சியையும் முந்தின நாள் இரவே வெள்ளை ஒயினில் ஊறவைத்து, உருளைக்கிழங்கு அடுக்கி, மண் பாத்திரத்தின் மூடியை மாவால் ஒட்டி மூன்று மணி நேரம் ஓவனில் வைக்கிற பெக்கஓஃபா செய்வார். என்ன ஒயின் வைப்பீர்கள் என்று கேட்டால், "உள்ளே ஊற்றியது எதுவோ அதுதான் வெளியேயும்" என்பார். மற்றவற்றுக்கு, சாற்றை முதலில் ஒரு கரண்டி ருசி பார்த்துவிட்டுத்தான் நிலவறைக்குப் படி இறங்குவார். சூக்ரூட் என்கிற புளித்த முட்டைக்கோஸ், கொழுத்த பன்றி இறைச்சி, அதற்கு அவர் எடுத்துவந்ததும் ரீஸ்லிங்தான். புளிப்பும் கொழுப்பும் சேர்ந்தால் புளிப்புள்ள ஒயின் என்பது அவருக்கும் நமக்கும் ஒரே கணக்கு.

ஆகவே சனிக்கிழமை இரண்டில் ஒன்று செய்யலாம். எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் பரிமாறுவேன் என்றால் அந்த மோசல் ரீஸ்லிங்கையே இரண்டு பாட்டில் வாங்கிவிடுங்கள், எதோடும் சண்டை போடாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் பிரித்துத்தான் பரிமாறுவேன். அவர்கள் வந்து நிற்கும்போதே சூடான வடையும் க்ரெமானும். உட்கார்ந்ததும் சோறும் மீன் குழம்பும், ரீஸ்லிங்கோடு. அப்புறம் தட்டை மாற்றி, சப்பாத்தியோ பரோட்டாவோ வைத்து மிளகுக் கோழியும் குருமாவும், சிராவோடு. கெவுர்ட்ஸ்ட்ராமினரை இந்த முறை விட்டுவிடலாம், குருமா மட்டும் செய்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அது இருக்கட்டும். ஒரு பாட்டில் 75 சென்டிலிட்டர், அளவாக ஊற்றினால் ஆறு கிளாஸ் வரும், நாலு விருந்தாளிக்கும் உங்களுக்கும் வகைக்கு ஒன்றாக மூன்று பாட்டில் தாராளம். க்ரெமானும் ரீஸ்லிங்கும் பத்து யூரோவுக்கு முன்னே பின்னே கிடைக்கும், சிராவுக்குக் கொஞ்சம் கூடுதலாகும். குழம்பில் புளியைக் குறைக்காதீர்கள், மிளகாய்த் தூளை மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளையையும் க்ரெமானையும் காலையிலேயே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ரீஸ்லிங்கை ஊற்றுவதற்குப் பத்து நிமிடம் முன்பு வெளியே எடுங்கள், பனிக்கட்டி மாதிரி இருந்தால் வாசனை எழாது. சிவப்பை "அறை வெப்பநிலை" என்று சொல்வார்களே, அது ஹீட்டர் இல்லாத காலத்துக் கல்வீட்டின் கணக்கு. உங்கள் வீடு 22 டிகிரியில் இருந்தால் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்து 16 டிகிரி வாக்கில் கொடுங்கள், ஆல்கஹால் மூக்கில் ஏறாது, மிளகு வாசனை தெளிவாக வரும்.

நீங்கள் இருவரும் குடிப்பீர்களா இல்லையா என்று சொல்லவில்லை. குடிக்காமலே நன்றாகப் பரிமாறலாம், முகர்ந்து பார்த்தாலே பாதி தெரிந்துவிடும், ருசி பார்த்துவிட்டுத் துப்புவதும் இங்கே மரியாதைக் குறைவில்லை. மேசையில் ஒரு ஜாடி தண்ணீரும் ஒரு ஜாடி நீர்மோரும் கட்டாயம் இருக்கட்டும். காரோட்டி வருகிறவர் யார் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், இங்கே சட்டப்படி வரம்பு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம், அவர் கிளாஸை நிரப்பிக்கொண்டே இருக்காதீர்கள்.

பாயசம் செய்வீர்கள் என்று நினைக்கிறேன். பாயசத்தை விட இனிப்பான ஒயின்தான் அதற்குத் தாங்கும், தாமதமாக அறுவடை செய்த திராட்சையில் செய்வார்கள், அது விலை கூடுதல். பாட்டில்களை ஓரம் வைத்துவிட்டு பாயசத்தைக் கொடுங்கள், பின்னாலேயே ஃபில்டர் காபி.